பதின்மூன்று தூக்குவாளிகள்

மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போது விரல் விட்டு எண்ணினேன். "அவள்" என்று பதினாறு இடத்தில் எழுதியிருக்கிறாய். உன் பெண்டாட்டியைச் சுமதி என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. ஆபீஸ் பெண்களோடு ஊர் பார்க்கப் போனவள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து நிற்கிறாள், வழியில் பஸ் நின்றுவிட்டது, ஒரு கோயில் மண்டபத்தில் எல்லோரும் படுத்திருந்தோம் என்கிறாள், இதை நான் நம்பணுமா என்று கேட்டிருக்கிறாய். இருபது நாளாகப் பேச்சில்லை, இந்த மாதம் முடிந்ததும் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறேன், குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீ மெட்ராஸ் வந்துவிடு என்றும் எழுதியிருக்கிறாய். இதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து உன்னை வாசலில் நிற்கவைத்தே திட்டியிருப்பேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதினாயே, "நம்ம தெருவில் மண்டிக்காரர் வீட்டு மருமகள் செஞ்சியில் பண்ணினது உனக்குத் தெரியாததா" என்று, அதைப் படித்த பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவள் எதுவும் பண்ணவில்லையடா. பண்ணினது நான். அதை இப்போது உனக்குச் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படி.

அப்போது நீ பதினோராவது படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மாதர் மன்றம் என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தோம், உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் கூடுவோம். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் தையல், மீதி நேரம் ஊர்வம்பு. தொண்டை பெரிசு என்பதற்காக என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். நானும் பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி அலட்டிக்கொண்டேன். கோடி வீட்டு டீச்சரம்மா ஒரு நாள், "நம்ம ஊர்லேர்ந்து ஒரு மணி நேரம், செஞ்சிக் கோட்டையை ஒருத்தராவது பாத்திருக்கீங்களா" என்று கேட்டாள். ஒருத்தரும் பார்க்கவில்லை. கார்த்திகைக்குத் தீபம் பார்க்க எங்கெங்கிருந்தோ நம் ஊருக்கு வருகிறார்கள், நாங்கள் கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதில்லை. போய்த்தான் தீருவது என்று எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ஒரு வேன் பேசினோம். பதின்மூன்று பேர் சேர்ந்தோம்.

பதின்மூன்றாவது ஆள்தான் மண்டிக்காரர் வீட்டு மருமகள். நாலு வருஷம் நம் எதிர்வீட்டில் இருந்தவள். இருபத்திரண்டு வயது, ரெண்டு வயதில் ஒரு பெண்குழந்தை. அந்தக் குழந்தையை நீ தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தேர் காட்டுவாய். அவளுக்கு வாசல் தெளிக்கும் நேரம்தான் வெளி உலகம். நான் கோலம் போடும்போது எதிரே நின்று, "என்னையும் இட்டுக்கினு போவீங்களாக்கா" என்று மெதுவாகக் கேட்டாள். நானே போய் அவள் மாமியாரிடம் பேசினேன். அந்த அம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம், "கொழந்தைய நான் பாத்துக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும். நீ சொல்றதாலதான் அனுப்பறேன்" என்றாள். "என் பொறுப்பு அத்தை, நீங்க கவலையே படாதீங்க" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

காலையில் வேன் கிளம்பும் முன் ஆட்களை எண்ணவேண்டும் அல்லவா. ஒவ்வொருத்தியாக விரலை நீட்டி "ஒன்னு, ரெண்டு" என்று ஆரம்பித்தேன். எங்களில் மூத்தவள் பால்காரர் வீட்டு அத்தை. அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "இன்னாடி இது, ஆடு எண்ற மாதிரி எண்ற? சுமங்கலிங்களை விரல் நீட்டி எண்ணலாமா? கண்ணு பட்டுடும்" என்றாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நம் வீட்டிலும் அப்படித்தானே, உன்னையும் உன் தங்கையையும் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது எண்ணினால் நானே கத்துவேன். ஆளுக்கொரு தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சரி, ஆளை எண்ணினால்தானே தோஷம், தூக்கை எண்ணலாம் என்று எனக்கு ஒரு புத்தி தோன்றியது. பதின்மூன்று தூக்கு இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், செயலாளர் கெட்டிக்காரி என்றாள் டீச்சரம்மா. போகும் வழியில் டீக்கு நிறுத்தியபோதும் அப்படியே எண்ணினேன், சரியாக இருந்தது.

செஞ்சியில் மலையடிவாரத்தில் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, ஒருத்தி கொண்டுவந்த வறுத்த மல்லாட்டை, உன் மெட்ராஸ் பாஷையில் வேர்க்கடலை. சாப்பிட்டதும் தூக்கையெல்லாம் கழுவி வேனில் கொண்டுபோய் வைத்தோம். அப்புறம்தான் மலை ஏறினோம். சிலர் பாதி மலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு பேர் உச்சிவரை போனோம், மண்டிக்காரர் மருமகளும் வந்தாள். கீழே இருந்து பார்த்தால் இடிந்த சுவர் மாதிரி தெரிந்ததெல்லாம் மேலே போனால் பெரிய பெரிய கட்டிடம். கூரை போன மாளிகை, கதவு இல்லாத வாசல், யானை நுழையும் அகலத்துக்கு நெற்களஞ்சியம். எந்த ராணி எங்கே நின்று தலை சீவினாளோ என்று டீச்சரம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். எதிர்வீட்டுப் பொண்ணு அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் புகைமூட்டத்துக்குள் நம் மலை தெரிந்தது. "அதோ நம்ம மலை. அதுக்கு இந்தப் பக்கம்தான்கா எங்க அம்மா வீடு" என்றாள். அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறதாம். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்து கிராமம்தான், அரைமணி நேர பஸ். மாமியார் விடவில்லை.

நாலு மணிக்கு எனக்குப் பதைப்பு வந்துவிட்டது. பொழுது சாயறதுக்குள்ள என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே. வாங்க வாங்க என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டு இறங்கினேன். ரெண்டு பேராக மூன்று பேராக இறங்கினோம். முன்னால் போனவர்கள் அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்தார்கள், பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். கீழே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கால் வலி, தூக்கக் கலக்கம், ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். நான் வேனில் ஏறினேன். குனிந்து எண்ணினேன். பதின்மூன்று தூக்கு சரியாக இருந்தது. "போலாம்பா" என்றேன்.

தூக்கெல்லாம் மத்தியானமே வேனுக்கு வந்துவிட்டது. மலைக்குப் போனது பெண்கள்தான். இந்த உலகத்தில் இப்படி ஒரு முட்டாள் இருப்பாளா சொல். பதினோரு வருஷமாக இதை எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் நம்ப முடியவில்லை.

கீழ்பென்னாத்தூரில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினான். பால்காரர் வீட்டு அத்தை காலடியில் உருண்ட ஒரு தூக்கை எடுத்து, "இது மண்டிக்காரர் வீட்டுப் பொண்ணோடது ஆச்சே, அவ எங்க?" என்று கேட்டாள். திரும்பிப் போகச் சொல்லி டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கதவைச் சாத்திவிட்டிருந்தார். "இப்ப மேல போவ முடியாதும்மா, படி தெரியாது, விழுந்து கிழுந்து வெச்சா யார் பதில் சொல்றது. இங்கேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க, பதில் வருதா பாக்கலாம்" என்றார். பேர். நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன், அவள் அத்தையைப் பார்த்தாள். பன்னிரண்டு பெண்களில் ஒருத்திக்கும் அவள் பேர் தெரியாது. மண்டிக்காரர் மருமகள், எதிர்வீட்டுப் பொண்ணு, பாப்பா அம்மா, இதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கும் என் பேர் தெரிந்திருக்காது, நான் உன் அம்மா, அவ்வளவுதான். "மண்டிக்காரர் வீட்டம்மா" என்று அந்த மலையைப் பார்த்துக் கத்தினேன். கத்திக் கத்திப் பெரிய தொண்டை அடைத்துப்போனது. பதில் வரவில்லை.

மற்றவர்களை வேனில் ஊருக்கு அனுப்பிவிட்டு நானும் டீச்சரம்மாவும் வாட்ச்மேன் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் வாட்ச்மேனோடு ஏறினோம். உச்சியில் களஞ்சியத்து வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் புடைத்து நீலமாக இருந்தது. அம்மா ஊர் தெரிகிறதா என்று இன்னொரு தரம் பார்க்கத் திண்டில் ஏறியிருக்கிறாள், நான் விரட்டுகிற சத்தம் கேட்டு அவசரமாக இறங்கியதில் கால் மடங்கிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தாளாம், காற்றில் எங்கள் காதில் விழவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "கொழந்தை அழுதுச்சாக்கா?" வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் விட்டுட்டுப் போனீங்க என்றுகூடக் கேட்கவில்லை. நானும் டீச்சரம்மாவும் ரெண்டு பக்கம் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கினோம். பாதி வழியில் உட்கார்ந்தபோது, "உன் பேர் இன்னாம்மா" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். பூங்காவனம் என்றாள்.

கீழே அவள் புருஷனும் மாமியாரின் தம்பியும் நாலு ஆட்களோடு வந்து நின்றிருந்தார்கள். அவள் காலை யாரும் பார்க்கவில்லை. மாமியாரின் தம்பி நேராக என்னிடம் வந்தார். "எண்ணாமலா வண்டியை எடுத்தீங்க?" என்று கேட்டார். மகனே, அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆளை எண்ணவில்லை ஐயா, தூக்கை எண்ணினேன், என் தப்பு என்று சொல்லியிருந்தால் எல்லோரும் என்னைக் காறித் துப்பியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. மீசை வைத்த ஆறு ஆண்கள் சிரிப்பார்களே என்று இருந்தது. வேறு காரணமே கிடையாது. "எண்ணிட்டுத்தான் எடுத்தோம். தலை சரியா இருந்துச்சு" என்றேன். அவர் திரும்பி அவள் புருஷனைப் பார்த்தார். "அப்ப வண்டில ஏறிட்டு, யாருக்கும் தெரியாம எறங்கித் திரும்ப மேல போயிருக்கா" என்றார். அவ்வளவுதான். கால் எங்கே வேண்டுமானாலும் சுளுக்கலாம் என்றான் அவள் புருஷன். டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்தாள், அவளும் ஒன்றும் பேசவில்லை. பூங்காவனம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் அது தெருவெல்லாம் பரவிவிட்டது. ஏறினவள் ஏன் இறங்கினாள், யாருக்காக இறங்கினாள் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். நீயும் கேட்டிருப்பாய், திண்ணமாக நம்பியும் இருப்பாய், நம் வீட்டில் யாரும் அதை மறுத்துச் சொல்லவில்லையே. உன் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "வாயைத் தொறக்காதே. இப்ப மாத்திப் பேசினா நம்ம மானமும் சேந்து போவும்" என்றார். எட்டாம் நாள் அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். குழந்தையை விடமாட்டேன் என்று மாமியார் உள்ளே தூக்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூங்காவனம் நொண்டிக்கொண்டே நம் வாசலைத் தாண்டிப் போனாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல், மாமியாரிடம் போய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அன்னைக்கு சொன்னது பொய்யா, இன்னைக்கு சொல்றது பொய்யா? அவ அப்பன் உன் காலில வந்து விழுந்தானா?" என்று கேட்டாள். அடுத்த தை மாதம் அவள் புருஷனுக்கு வேறு கல்யாணம் ஆனது. பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களாம்.

அதற்குப் பிறகு கீழ்பென்னாத்தூர் வழியாக எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன். அவள் ஊர் நிறுத்தம் வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இறங்கமாட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் இறங்கினேன்.

கேட்டுக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருக்கிறாள் என்றார்கள். நான் போனபோது சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டோடு மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவனம் வரிசையோடு நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு தலையையும் விடவில்லை. இன்னும் லேசாகக் காலைத் தாங்கித்தான் நடக்கிறாள். எண்பது சொச்சம் வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. "வாங்கக்கா" என்று சொல்லி ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், தூக்கை எண்ணினது, பொய் சொன்னது, எல்லாம். அழுகை வேறு வந்து தொலைத்தது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "நான்தான் எண்றப்போ எங்கியோ நின்னுக்கினு இருந்துட்டேனோ, என் தப்புதானோன்னு இத்தினி வருஷமா நெனைச்சிக்கினு இருந்தேன்கா" என்றாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் வேண்டுமானால் உன் புருஷன் வீட்டில் இப்போது வந்து சொல்கிறேன் என்றேன். "இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றாள். அவள் சொன்னது சரிதான். மாமியார் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அங்கே வேறு ஒருத்தி ரெண்டு பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிறாள். யாரிடம் போய் எதைத் திருப்பி வாங்க முடியும்?

கிளம்பும்போதுதான் அவள் அதைக் கேட்டாள். "பாப்பா அதே தெருவுலதானேக்கா இருக்கா? நீங்க தெனம் பாப்பீங்க இல்ல?" ஆமாம் என்றேன், நம் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், எட்டாவது படிக்கிறாள் என்றேன். "எவ்ளோ உசரம் இருப்பா?" என்றாள். நான் என் தோளுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய பெண்ணைக் கூப்பிட்டு எழுந்து நிற்கச் சொன்னாள். "இவ்ளோ இருப்பாளா?" என்று கேட்டாள். இல்லை, இன்னும் நாலு விரற்கடை ஜாஸ்தி என்றேன். பூங்காவனம் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பெண் சோற்றுக் கையோடு ஒன்றும் புரியாமல் நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பூங்காவனம் கையை எடுக்கவே இல்லை. பஸ் வரும் சத்தம் கேட்டு நான்தான் திரும்பி நடந்தேன்.

உன்னை என்னால் என்ன செய்ய முடியும்? இருபத்தேழு வயது ஆள், மெட்ராசில் தனிக் குடித்தனம், உன் வீட்டுக் கதவை நீ யாருக்குத் திறக்கிறாய் யாருக்குச் சாத்துகிறாய் என்று நான் இங்கிருந்து பிடித்து நிறுத்த முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாயில் வந்த ஒரு பொய்யை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை, அது வளர்ந்து உன் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. சுமதியோடு போன பெண்களைப் போய் விசாரிக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். விசாரிக்காதே. என்னை மாதிரி ஒருத்தி அங்கேயும் இருப்பாள், தன் தப்பை மறைக்க ஏதாவது சொல்லிவைப்பாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் வரமாட்டேன். அந்தக் குழந்தைக்கு அம்மா இருக்கிறாள்.

ஒன்றே ஒன்றுதான் உன்னைக் கேட்கிறேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து நின்றாள் என்று எழுதினாயே, வந்ததும் சுமதி முதலில் என்ன கேட்டாள் என்று நீ எழுதவில்லை. யோசித்துப் பார். குழந்தை அழுதாளா என்றுதான் கேட்டிருப்பாள். அதற்கு நீ என்னடா பதில் சொன்னாய்?

உன் அம்மா